குட்டி ரயிலுக்குக் குரல் வந்தாச்சு!

ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். தூரத்தில் ஒரு நீராவி ரயில் கிளம்புகிறது. முதலில் 'புஸ்ஸ்ஸ்...' என்று ஒரு பெருமூச்சு. அப்புறம் மெதுவாக 'சக்... சக்... சக்...'. கொஞ்ச நேரத்தில் 'சக்சக்சக்சக்' என்று ஒரே ஓட்டம். நடுவில் 'கூ...' என்று ஒரு விசில்!

இப்போது கண்ணைத் திறந்து பாருங்கள். எதிரே மேஜை மேல் நிற்பது 28 செ.மீ. நீளமுள்ள ஒரு குட்டி இன்ஜின். உங்கள் ஸ்கூல் ஸ்கேலைவிடக் கொஞ்சம் குட்டை! இத்தனை சத்தமும் இதற்குள்ளிருந்தா வந்தது?

ஆமாம், இதற்குள்ளிருந்துதான். இந்தக் குட்டி இன்ஜினுக்கு மூளையும் குரலும் எப்படி வைக்கிறார்கள் என்று பார்க்கலாமா?

நிஜ ஹீரோ யார்?

நம் மாடலின் நிஜ ஹீரோ இங்கிலாந்தில் இருக்கிறது. அதன் பெயர் 'ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்'. நைஜல் கிரெஸ்லி என்ற பொறியாளரின் வடிவமைப்பில், டான்காஸ்டர் என்ற ஊரில் 1923ல் செய்யப்பட்டது. பின்னால் வரும் டெண்டர் இல்லாமல், இன்ஜின் மட்டுமே சுமார் 97 டன் எடை! டெண்டர் என்றால் என்ன தெரியுமா? நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் பெட்டி. அது இன்ஜினுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வரும்.

1928ல் லண்டனில் இருந்து எடின்பரோ வரை, சுமார் 631 கி.மீ. தூரத்தை, வழியில் எங்குமே நிற்காமல் ஓடிக் கடந்தது இந்த இன்ஜின். 1934 நவம்பர் 30ல் மணிக்கு 100 மைல், அதாவது 160 கி.மீ. வேகத்தைத் தொட்டது. அந்த வேகத்தைத் தொட்டதாக முறைப்படி பதிவான முதல் நீராவி இன்ஜின் இதுதான். 2004ல் யார்க் நகரில் உள்ள தேசிய ரயில்வே அருங்காட்சியகம் இதை வாங்கியது. பெரிய பழுதுபார்ப்பு முடிந்து 2016ல் மறுபடி தண்டவாளத்துக்கு வந்தது. 2023ல் நூறாவது பிறந்தநாளும் கொண்டாடியாச்சு!

இங்கிலாந்தில் மாடல் ரயில் என்பது தாத்தாவும் பேரனும் சேர்ந்து விளையாடும் பொழுதுபோக்கு. நிஜத்தில் ஓர் அடி இருந்தால், மாடலில் 4 மி.மீ. இதுதான் அங்கே பலரும் வைத்திருக்கும் 'ஓஓ' அளவு. ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன் சுமார் 70 அடி நீளம். 70 ஐ 4 ஆல் பெருக்குங்கள். 280 மி.மீ. வருகிறதா? அதுதான் நம் 28 செ.மீ.!

ஒரு தண்டவாளம், இரண்டு இன்ஜின், ஒரே ரகளை!

மாடல் இன்ஜினுக்குள் நெருப்பும் இல்லை, நீராவியும் இல்லை. ஒரு சின்ன மின்சார மோட்டார்தான் இருக்கிறது. தண்டவாளத்தின் இரண்டு கம்பிகளிலும் மின்சாரம் ஓடும். சக்கரங்கள் அதை எடுத்து மோட்டாருக்குக் கொடுக்கும்.

பழைய முறை ரொம்ப எளிது. கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒரு குமிழ் இருக்கும். அதைத் திருகினால் தண்டவாளத்தில் மின்னழுத்தம் 0 வோல்ட்டில் இருந்து 12 வோல்ட் வரை ஏறும். மின்னழுத்தம் கூடினால் வேகம் கூடும். குறைத்தால் ரயில் நிற்கும். பிளஸ், மைனஸை மாற்றினால் பின்னால் போகும்.

இதில் என்ன தொல்லை? தண்டவாளத்தில் இரண்டு இன்ஜின்களை வைத்துப் பாருங்கள். குமிழைத் திருகினால் இரண்டும் சேர்ந்து கிளம்பிவிடும்! ஒன்றை நிற்க வைக்க வேண்டும் என்றால், அது நிற்கும் பகுதிக்கு மட்டும் தனி ஸ்விட்ச் போட்டு மின்சாரத்தை நிறுத்த வேண்டும். இன்னொரு தொல்லையும் உண்டு. ரயில் நின்றால் மின்சாரமும் போச்சு. விளக்கும் அணைந்துவிடும். நிஜ இன்ஜின் ஸ்டேஷனில் நிற்கும்போது 'புஸ் புஸ்' என்று மூச்சு விடுமே, அதற்கு வழியே இல்லை.

'ரோல் நம்பர் 4472!' 'உள்ளேன் ஐயா!'

இதற்கு விடையாக வந்ததுதான் டி.சி.சி. என்ற டிஜிட்டல் கட்டுப்பாடு. 1980களின் இறுதியில் ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாக வைத்து, 1990களில் அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில்வே சங்கம் இதற்குப் பொது விதிகள் வகுத்தது. அதனால் ஒரு கம்பெனி செய்த பெட்டியும், வேறொரு கம்பெனி செய்த டீகோடரும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்.

உங்கள் வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். டீச்சர், 'ரோல் நம்பர் 12, எழுந்து நில்' என்கிறார். வகுப்பில் எல்லோர் காதிலும் அது விழுகிறது. ஆனால், எழுந்து நிற்பது ஒருவர்தான். டி.சி.சி.யும் அப்படித்தான். தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரமும் இருக்கும். அந்த மின்சாரத்திலேயே கட்டளைகளும் கலந்து ஓடும். எல்லா இன்ஜின்களும் அவற்றைக் கேட்கும். தன் எண் வந்தால் மட்டும், அந்த இன்ஜினுக்குள் இருக்கும் 'டீகோடர்' என்ற குட்டி மின்னணு அட்டை வேலை செய்யும்.

கட்டளை எந்த மொழியில் போகிறது? கம்ப்யூட்டர் பேசும் அதே 0, 1 மொழிதான். தண்டவாளத்தின் மின்சாரம் பிளஸ், மைனஸ் என்று படுவேகமாக மாறிக்கொண்டே இருக்கும். ஒரு நொடியைப் பத்து லட்சம் பங்காக வெட்டுங்கள். பிளஸ் 58 பங்கு, மைனஸ் 58 பங்கு என்று சட்டென மாறினால் அது '1'. ஒவ்வொன்றும் 100 பங்கு அல்லது அதற்கு மேல் நீண்டால் அது '0'. இப்படி ஒரு நொடிக்குள் பல ஆயிரம் எழுத்துகள் ஓடிவிடும்.

சக்கரத்தில் தூசு ஒட்டிக் கட்டளை பாதியில் சிதைந்தால்? அதற்கும் ஏற்பாடு இருக்கிறது. ஒவ்வொரு கட்டளையின் முடிவிலும் ஒரு சரிபார்ப்பு எண் வரும். கணக்கு ஒத்துவரவில்லை என்றால் டீகோடர் அந்தக் கட்டளையைக் கண்டுகொள்ளாது. கட்டுப்பாட்டுப் பெட்டி அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பதால், அடுத்த முறை சரியாகக் கேட்டுவிடும்.

நிஜ ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மனின் புகழ்பெற்ற எண் 4472. அதையே மாடலின் ரோல் நம்பராகவும் வைத்துவிடலாம். இங்கேதான் ஒரு ஜாலியான கணக்கு! டீகோடரில் 'சி.வி.' என்ற குட்டி நினைவறைகள் உண்டு. ஓர் அறையில் 0 முதல் 255 வரைதான் எழுத முடியும். 4472 அதற்குள் அடங்காதே? அதனால் இரண்டு அறைகளில் பிரித்து வைக்கிறார்கள். 4472 ஐ 256 ஆல் வகுத்தால் ஈவு 17, மீதி 120. ஈவோடு 192 ஐக் கூட்டி, வரும் 209 ஐ 17ம் அறையில் எழுத வேண்டும். மீதி 120 ஐ 18ம் அறையில் எழுத வேண்டும். 29ம் அறையில், 'இனி பெரிய எண்ணைப் பயன்படுத்து' என்று குறிக்க வேண்டும். அவ்வளவுதான்! இப்போது வரும் பெட்டிகள் இந்தக் கணக்கைத் தாங்களே போட்டுக்கொள்ளும். ஆனாலும், நாமே போட்டுப் பார்ப்பதில் ஒரு கெத்து இருக்கிறது இல்லையா?

ஆபரேஷன் ஆரம்பம்!

இப்போது இன்ஜினைத் திறக்கிறோம். இதைப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே செய்ய வேண்டும். ஈயப்பற்று வைக்கும் சால்டரிங் கம்பி, தொட்டால் தோலைப் பொசுக்கிவிடும். அதைப் பெரியவரே பிடிக்கட்டும். வீட்டு மின்சாரத்தைத் தண்டவாளத்தில் நேராகக் கொடுக்கவே கூடாது. அது உயிருக்கே ஆபத்து.

புதிய மாடல்களில் டீகோடருக்கென்றே ஒரு சாக்கெட் இருக்கும். சிலவற்றில் இன்ஜினுக்குள், சிலவற்றில் டெண்டருக்குள். செருகினால் முடிந்தது வேலை. எட்டுப் பின் உள்ள சாக்கெட்டில் ஒரு புத்திசாலித்தனம் பாருங்கள். தவறிப்போய்த் தலைகீழாகச் செருகினாலும் பெரும்பாலும் எதுவும் கெடாது. விளக்கு எரியாது, அவ்வளவுதான். திருப்பிச் செருகிவிடலாம்.

ஆனால், தாத்தா காலத்துப் பழைய மாடல் என்றால்? சாக்கெட் கிடையாது. ஒவ்வொரு ஒயராக நாமே இணைக்க வேண்டும். நல்ல வேளையாக ஒயர்களுக்கு நிறம் வைத்திருக்கிறார்கள். சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்தில் இருந்து மின்சாரம் எடுக்கும். ஆரஞ்சும் சாம்பல் நிறமும் மோட்டாருக்குப் போகும். வெள்ளை முன் விளக்குக்கு, மஞ்சள் பின் விளக்குக்கு. நீலம் விளக்குகளின் பொது ஒயர்.

இங்கேதான் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் கட்டம் வருகிறது! பழைய மாடல்கள் பலவற்றில், மோட்டாரின் ஒரு முனை இன்ஜினின் உலோக உடம்பிலேயே ஒட்டியிருக்கும். அந்த உடம்பு வழியாகத்தான் தண்டவாள மின்சாரம் மோட்டாருக்கு வரும். பழைய முறைக்கு அது சரி. டி.சி.சி.யில் அது எமன்! தண்டவாள மின்சாரம் நேராக மோட்டார் ஒயரில் பாய்ந்தால், டீகோடர் ஒரு நொடியில் கருகிவிடும். 'சுர்ர்' என்று ஒரு வாசனை, கொஞ்சம் புகை. ஆசையாகச் சேர்த்த பாக்கெட் மணி எல்லாம் காலி!

அதனால், தண்டவாளத்துக்கும் மோட்டாருக்கும் நடுவே டீகோடர் மட்டுமே இருக்க வேண்டும். வேறு எந்த வழியும் இருக்கக் கூடாது. மோட்டாரின் முனையை உலோக உடம்பில் இருந்து பிரித்து, நடுவே மின்சாரம் கடத்தாத பிளாஸ்டிக் துண்டு வைப்பார்கள். பிறகு மல்டிமீட்டரால் சோதிப்பார்கள். ஒரு முனை சக்கரத்தில், மறுமுனை மோட்டாரில். மீட்டர் 'பீப்' என்று கத்தினால் எங்கேயோ இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அமைதியாக இருந்தால் பாஸ்!

இந்தச் சோதனையைச் சோம்பேறித்தனத்தால் விட்டுவிட்டு டீகோடரைக் கருக்கியவர்கள் எக்கச்சக்கம். ஐந்து நிமிடப் பொறுமை, பல மாதச் சேமிப்பைக் காப்பாற்றும்!

வாய் எங்கே வைப்பது?

மூளை ரெடி. அடுத்து குரல்! சாதாரண டீகோடருக்குப் பதில் 'சவுண்டு டீகோடர்' வைத்தால், நினைவகமும் ஒலிபெருக்கும் சுற்றும் அதிலேயே இருக்கும். ஸ்பீக்கர் மட்டும் வேண்டும். செல்போனுக்குள் இருப்பது போன்ற, சர்க்கரைக் கட்டி அளவே உள்ள ஸ்பீக்கர்கள் இப்போது கிடைக்கின்றன. டெண்டருக்குள் நிலக்கரிக் குவியலுக்கு அடியில் ஒளித்து வைத்துவிடலாம்.

ஆனால், ஸ்பீக்கரை அப்படியே உள்ளே போட்டால் சத்தம் கொசு பாடுவது போல இருக்கும். ஏன்? ஸ்பீக்கரின் தகடு முன்னால் காற்றைத் தள்ளும்போது, பின்னால் காற்றை இழுக்கிறது. முன்னால் கிளம்பும் அலையும் பின்னால் கிளம்பும் அலையும் கலந்து, ஒன்றை ஒன்று அழித்துவிடும். அதனால் ஸ்பீக்கரின் முதுகை ஒரு குட்டி டப்பாவுக்குள் வைத்து, ஓட்டை இல்லாமல் ஒட்டிவிடுவார்கள். பின்பக்க அலை உள்ளேயே அடைபடும். முன்பக்க அலை மட்டும் வெளியே வரும். கொசுவின் குரல் 'கும்'மென்று ஆகிவிடும்!

10 சுற்றுக்கு எத்தனை 'சக்'?

நீராவி இன்ஜினுக்கு 'சக்' சத்தம் எங்கிருந்து வருகிறது? சிலிண்டருக்குள் நீராவி புகுந்து பிஸ்டனை ஒரு பக்கம் தள்ளும். பிறகு மறுபக்கம் புகுந்து திருப்பித் தள்ளும். தள்ளி முடித்த நீராவி ஒவ்வொரு முறையும் புகைபோக்கி வழியே பீறிட்டு வெளியேறும். அதுதான் 'சக்'! சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால், ஒரு சிலிண்டருக்கு இரண்டு 'சக்'.

இரண்டு சிலிண்டர் இன்ஜின் என்றால், ஒரு சுற்றுக்கு நான்கு. ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மனுக்கு மூன்று சிலிண்டர்கள். அப்படியானால்? சபாஷ், ஆறு!

இதன் பெரிய சக்கரத்தின் குறுக்களவு சுமார் 2 மீட்டர். உங்கள் அப்பாவைவிட உயரம்! அது ஒரு சுற்றுச் சுற்றினால் ரயில் சுமார் 6.4 மீட்டர் நகரும். 160 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு 7 சுற்று. அப்படியானால் 42 'சக்'! தனித்தனியாக எண்ணவே முடியாது. ஒரே ரீங்காரமாகக் கேட்கும்.

சரி, மாடலில் இதை எப்படிப் பொருத்துவது? பாட்டுப் போடுவது போல ஒரு பதிவை ஓடவிட்டால் போதாதா? போதாது. ரயில் மெதுவாகப் போகும்போது சத்தம் மட்டும் வேகமாக ஓடினால், உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கமாக ஓடும் டப்பிங் படம் மாதிரி ஆகிவிடும்!

எனவே, நிஜ இன்ஜினின் பக்கத்தில் மைக் வைத்து, ஒவ்வொரு ஒலியையும் தனித்தனியாகப் பதிவு செய்கிறார்கள். கிளம்பும்போது வரும் கனமான 'சக்', ஓடும்போது வரும் லேசான 'சக்', விசில், கரி அள்ளிப் போடும் சத்தம், பிரேக் சத்தம் என்று எல்லாமே தனித்தனி. டீகோடர் தேவையான நேரத்தில் தேவையானதை எடுத்துக் கோக்கும்.

தேவையான நேரம் எது என்று அதற்கு எப்படித் தெரியும்? ஒரு வழி, சக்கர அச்சில் குட்டிக் காந்தங்களை ஒட்டி, அருகில் ஓர் உணரியை வைப்பது. காந்தம் கடக்கும்போதெல்லாம் ஒரு 'சக்'. இன்னொரு வழி இன்னும் சுவாரசியம். ஓடும் மோட்டாருக்கு மின்சாரத்தை ஒரு நொடியில் துளி நேரம் நிறுத்தினால், அது சைக்கிள் டைனமோ மாதிரி தானே மின்சாரம் உண்டாக்கும். வேகமாகச் சுற்றினால் அதிகம், மெதுவாகச் சுற்றினால் குறைவு. அதை அளந்து, சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று டீகோடர் தெரிந்துகொள்ளும்!

கடைசிப் பரீட்சை!

டீகோடர், ஸ்பீக்கர் எல்லாம் வைத்தாச்சு. உடனே பெரிய தண்டவாளத்தில் ஏற்றிவிடாதீர்கள். டி.சி.சி. பெட்டியில் 'புரோகிராமிங் டிராக்' என்று தனி இணைப்பு இருக்கும். அதில் வரும் மின்சாரம் மிகவும் குறைவு. ஒயர் இணைப்பில் தவறு இருந்தாலும் டீகோடர் கருகாமல் தப்பிக்க வாய்ப்பு அதிகம். முதலில் அதில் வைத்து, 'உன் எண் என்ன?' என்று கேட்க வேண்டும். புது டீகோடர் வழக்கமாக '3' என்று பதில் சொல்லும். பதில் வந்தால் ஒயர்கள் சரி. 3 ஐ அழித்து 4472 என்று எழுதுங்கள்.

அடுத்து 3ம் அறையிலும் 4ம் அறையிலும் எண்ணைக் கூட்டுங்கள். அவை வேகம் பிடிக்கவும் வேகம் குறையவும் ஆகும் நேரத்துக்கான அறைகள். இனி குமிழைத் திருகியதும் இன்ஜின் தவளை மாதிரி தாவாது. கனமான ரயில் போல நிதானமாக நகரும்.

இப்போது பெரிய தண்டவாளத்தில் ஏற்றுங்கள். சத்தத்துக்கான பொத்தானை அழுத்துங்கள். இன்ஜின் நகரவில்லை, ஆனால் மூச்சு விடுகிறது! சக்கரத்தின் ஓர் இடத்தில் சாக்பீஸால் புள்ளி வைத்து, மிக மெதுவாக ஓடவிட்டு எண்ணுங்கள். 10 சுற்றுக்கு 60 'சக்' வர வேண்டும். 57 வந்தால் அமைப்பை மாற்றி மறுபடி எண்ண வேண்டும். 60 வரும் வரை விடக் கூடாது! ஏனென்றால், நான்கு 'சக்' வந்தால் அது வேறு ஏதோ ஓர் இன்ஜின். ஆறு வந்தால்தான் அது ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்கிறீர்களா? பிரிட்டிஷ் ரயில்வேயின் முக்கியப் பாதைகளில் நீராவி ரயில்களின் அன்றாட ஓட்டம் 1968லேயே முடிந்துவிட்டது. அந்தக் கால டிரைவர்கள், கண்ணை மூடிக்கொண்டே சத்தத்தை வைத்து எந்த வகை இன்ஜின் வருகிறது என்று சொல்லிவிடுவார்கள். இன்று மிச்சமிருக்கும் சில இன்ஜின்கள் ஓடும்போதுதான் அந்தக் குரலைப் பதிவு செய்ய முடியும். ஓர் இரும்பு இன்ஜினை அருங்காட்சியகத்தில் நிறுத்திப் பாதுகாக்கலாம். அதன் குரலை? அது கேட்கும் காதுகளில்தான் வாழ முடியும். 28 செ.மீ. இன்ஜினுக்குள் இருக்கும் சர்க்கரைக் கட்டி ஸ்பீக்கர், அந்தக் குரலைத்தான் பத்திரமாக வைத்திருக்கிறது.

நீங்களும் செய்து பாருங்கள்!

வீட்டில் மாடல் ரயில் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். பழைய ரேடியோவில் இருந்து கழற்றிய ஸ்பீக்கர் கிடைத்தால், பெரியவர் உதவியோடு பேட்டரி ரேடியோவில் இணைத்துச் சத்தத்தைக் கேளுங்கள். பிறகு ஓர் அட்டைப் பெட்டியில் அதே அளவு ஓட்டை போட்டு, ஸ்பீக்கரை அதில் இறுக்கமாகப் பொருத்திக் கேளுங்கள். வித்தியாசம் புரியும்!

அடுத்த லீவில் ஊட்டி போனால், மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் வரை நீராவி இன்ஜின் தள்ளும் மலை ரயிலில் போய்ப் பாருங்கள். ஜன்னலில் வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டுங்கள். சமவெளியில் கிளம்பும்போது ஒரு தாளம், மலை ஏறும்போது வேறு தாளம். அந்தச் சத்தத்தை வீட்டுக்கு வந்து தம்பி, தங்கைக்கு வாயாலேயே செய்து காட்டுங்கள்.

டீகோடரே இல்லாமல் ஒரு குரலைக் காப்பாற்றிய பெருமை உங்களுக்குத்தான்!